மூன்றாம் எண் வீட்டுச் சமையலறை மண்ணை மீண்டும் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மண் மாதிரி சேகரிக்கும் களப்பணியாளர்,
ஒப்பந்த ஆய்வு நிறுவனம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: மூடப்பட்ட உலர்சலவை நிலையத்தின் பின்புறக் குடியிருப்பு, மூன்றாம் எண் வீடு – மண் மாதிரிகள் முறை தவறி எடுக்கப்பட்டமை – மறுசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: "மாசு கண்டறியப்படவில்லை" எனத் தங்களுக்கு அனுப்பப்பட்ட ஆய்வறிக்கை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பதினேழு ஆண்டுகளாக மண் மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இதற்குமுன் யார் மீதும் புகார் எழுதியதில்லை. இந்த மனு முதலில் என் மீதான புகார். அதற்குப் பிறகுதான் என் மேற்பார்வையாளர் மீதானது.

2. சலவை நிலையம் இயங்கிய காலத்தில், துணியின் அழுக்கெடுக்கும் திரவம் உடைந்த கழிவுக் குழாய் வழியே மண்ணில் இறங்கியிருக்கலாம் என்று குடியிருப்போர் தங்களிடம் முறையிட்டிருந்தனர். மூன்றாம் எண் வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மா ஒருவரும் அவருடைய ஏழு வயது மகளும் வசிக்கின்றனர். வீட்டுக்குள் இனிப்பான ஒரு வாடை விடாமல் அடிக்கிறது. மகளுக்குக் காலையில் எழுந்ததும் தலைசுற்றல். வெளியே போனால் தெளிந்துவிடுகிறது. வாடை சமையலறையில் அதிகம் என்பதால், அங்கே தரையைத் துளையிட்டும் பின்முற்றத்திலுமாக எட்டு மாதிரிகள் எடுக்கத் தாங்கள் உத்தரவிட்டீர்கள்.

3. இவ்வகை மாசு மண்ணில் அடங்கிக் கிடக்காது, ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே துளைக்குழாயிலிருந்து மண் வெளியே வந்த கையோடு, முனை வெட்டிய ஊசிக்குழல் போன்ற கருவியால் ஐந்து கிராம் குத்தி எடுத்து, ஆவியைப் பிடித்துவைக்கும் மெத்தனால் ஊற்றி முன்பே எடைபோட்ட சிறு குப்பியில் போட வேண்டும். மூடியின் மரையில் ஒரு மணல்கூட ஒட்டாமல் துடைத்து இறுக்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். மண்ணைக் கிளறக்கூடாது, கலக்கக்கூடாது, காற்றாடப் போடக்கூடாது. புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

4. அன்று பெட்டியைத் திறந்தால் இரண்டே குப்பிகள் இருந்தன. இரண்டிலும் சமையலறை மண்ணை முறைப்படி அடைத்துவிட்டு, மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மிச்சத்தத் தட்டுல கொட்டிக் கலந்து கவர்ல கட்டுப்பா. மண்ணு மண்ணுதானே" என்றார். மறுத்தேன். "அப்ப வேற ஆள அனுப்புறேன், நீ வீட்ல இரு" என்றார். என் மூலச் சான்றிதழ்கள் வேலையில் சேர்ந்த நாள் முதல் நிறுவனத்தின் அலமாரியில் உள்ளன. அவை இல்லாமல் வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது. தட்டில் கொட்டினேன். கலக்கக் கலக்க வாடை மூக்கில் ஏறியது; பக்கத்தில் இருந்த வாயு அளவியில் எண் கூடிக்கொண்டே போனது. என் கண்ணெதிரே சாட்சி காற்றோடு போயிற்று. கட்டிய பைகள் நான்கு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தன. படிவத்தில் "விதிப்படி, குளிர்நிலையில்" என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நானே.

5. இரண்டு குப்பிகளையும் மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. "ரெண்டு மட்டும் வேற மாதிரி வந்தா கேள்வி வரும். தூக்கிப் போடு, அந்த ரெண்டுக்கும் கவர்லயே குடு" என்றார். தட்டில் மிஞ்சிய மண்ணையே அந்த இரண்டுக்கும் பையில் கொடுத்தேன். குப்பிகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தகர டப்பாவில் அடைத்து என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "குழந்தைக்குப் பால் வைக்கிற இடங்க அது" என்று என் மனைவி அன்றிலிருந்து என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. அவர் சொல்வது நியாயம். குப்பி மண்ணுக்குப் பதினான்கு நாள்தான் கெடு. இன்று பதினொன்றாம் நாள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற கைமாற்றுப் பதிவு இல்லாததால் அவை சாட்சியாகச் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். செல்லுகிற மாதிரி பொய். மெய்யான மாதிரி செல்லாது. அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்டபோது மேற்பார்வையாளர், "படிவத்துல இருக்கிறது உன் கையெழுத்து. மாட்டுனா நீதான் மாட்டுவ" என்றார்.

6. நேற்று முன்தினம் மூன்றாம் எண் வீட்டுக்குப் போனேன். துளையிட்ட இடத்தைச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். சிறுமி அதில் சுருண்டு படுத்திருந்தாள். தையற்கார அம்மா முகம் மலர்ந்து, "ஒண்ணுமில்லன்னு வந்துருச்சாமே தம்பி. அது தெரியாம நானும் இவ சொன்னத நம்பிக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் தலை சுத்துதுங்கிறா. காலையில ரெண்டு வச்சேன்" என்றார். சிறுமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். வேறெங்காவது போய்த் தங்க முடியுமா என்று கேட்டேன். "போறதுக்கு இடம் இருந்தா இங்க ஏன் தம்பி இருக்கோம்?" என்றார். பிறகு பாயைச் சுருட்டி வாசற்படிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்குள் படுக்கவும் முடியாமல், வீட்டை விட்டுப் போகவும் முடியாமல் இரண்டு நாளாக இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

7. இம்மனுவில் இதுவரை எழுதியதன் நகலை இன்று காலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். சான்றிதழ் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

8. ஆகவே, பார்வையில் கண்ட அறிக்கையை நிறுத்திவைத்து, வேறொரு நிறுவனத்தைக் கொண்டு, தங்கள் அலுவலர் முன்னிலையில் புதிதாக மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். சாட்சியாகச் செல்லாவிட்டாலும், கெடு முடியுமுன் அந்த இரண்டு குப்பிகளையும் சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன். முடிவு வரும்வரை தாயும் மகளும் தங்க ஓர் அறையேனும் ஒதுக்கித்தர வேண்டுகிறேன்; மற்ற எதையும்விட இது அவசரம். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவாயினும் உடன்படுகிறேன். மேலும், தலை சுற்றுகிறது என்று அந்தச் சிறுமி சொன்னதை இதுவரை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை; நானும் எழுதவில்லை. இனி வரும் அலுவலர் துளைக் கருவியை இறக்குவதற்கு முன் அவளிடம் கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவள் தாய்க்குப் படித்துக்காட்ட வேண்டும் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மண் மாதிரி சேகரிக்கும் களப்பணியாளர்

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

இணைப்பு: வாயு அளவியின் அளவீடுகள் குறித்த என் களக் குறிப்பேடு – மூலப்படி.