பாவு சுருட்டுவதற்கு முன்

அக்கா,

காலையில் ஒரு பட்டு ரவிக்கைக்கு ஊக்கு தைக்க உட்கார்ந்தேன். இரட்டை நூலை மெழுகில் இழுக்காமல் தைத்தால் நடுவில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். ஊசி டப்பாவிலிருந்து தேன்மெழுகை எடுத்து, நூலை அதன்மேல் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மெழுகு சூடேறி வாசனை வந்தது. கொஞ்சம் தேன், கொஞ்சம் வேப்பம்பூ, கொஞ்சம் பழைய மரம். நீங்கள் கொடுத்தபோது உள்ளங்கை நிறைய இருந்த கட்டி இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வேலை ஓடவில்லை.

அலுப்பாக இருக்கிறது அக்கா. தையல் அலுப்பு இல்லை, அது தூங்கி எழுந்தால் போய்விடும். இது வேறு. இதை உங்கள் ஒருவரிடம்தான் சொல்ல முடியும். நீங்களோ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகப் போகிறது. அதனால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு தேடி நான் அலைந்தது உங்களுக்குத் தெரியும். புருஷன் இல்லாதவள், கையில் ஒரு பெண் குழந்தை, ஒரு தையல் மெஷின். போன இடத்திலெல்லாம் முதலில் பேரைக் கேட்டார்கள், பிறகு ஊரைக் கேட்டார்கள். தாமல் என்றால் தாமலில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கடைசியில், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வெச்சிருக்குதுமா" என்று கதவைச் சாத்தினார்கள். உங்கள் வீட்டில் கீழே நாலு தறி. உங்கள் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நெய்கிறவர்கள். நீங்கள் என் பேரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. "ரவிக்கை தைப்பியா? நல்லதாப் போச்சு. எந்துணிய வாங்கி வெச்சிக்கினு ஒருத்தன் ஆறு மாசமா அலையவுடறான்" என்றீர்கள். மாடி அறை எனக்குக் கிடைத்தது. வீட்டு ஆண்கள் முணுமுணுத்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தேனீ வந்ததும் அந்த வருஷம்தான். மொட்டை மாடியில், தறிக்கு மேல் வைக்கிற ஜக்கார்டு பெட்டி ஒன்று உடைந்துபோய்க் கிடந்தது. பங்குனி வெயிலில் ஒரு கூட்டம் எங்கிருந்தோ வந்து அதற்குள் இறங்கிவிட்டது. சின்னவர், உங்கள் கொழுந்தனார், மண்ணெண்ணெய் டப்பாவும் கந்தல் சுற்றிய கோலுமாக ஏறி வந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்: "கொளுத்தாதீங்கண்ணே, எங்கூர்ல இதப் பொந்துத் தேனீன்னு சொல்லுவாங்க. ஒண்ணும் பண்ணாது." நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தீர்கள். "கேட்டுக்கினியா? ஒண்ணும் பண்ணாதாம். நீ கீழ போய்த் தறியப் பாரு."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் இருவரும் கொட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது. செல்போனில் யாரோ பேசுவதைப் பார்த்துவிட்டுத் தச்சரிடம் தேன்பெட்டி செய்யச் சொன்னீர்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து அடைகளை அறுத்து எடுத்து, சட்டங்களில் வைத்துக் கட்ட வாழைநார் வேண்டும் என்றார்கள். வாழைநாருக்கு எங்கே போவது? கீழே தறியடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலை எடுத்துக் கட்டினோம். பத்து நாளில் தேனீக்கள் அந்த நூலைக் கடித்துக் கடித்துத் துண்டு துண்டாக வெளியே தள்ளியிருந்தன. "பாருடீ, பட்டு வேணாமாம் இதுங்களுக்கு. இந்த ஊர்லயே வெவரமான ஜீவன் இதுங்கதான்" என்று சிரித்தீர்கள்.

பகல் முழுக்க உங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு ஊடு நூல் நாடாவைத் தள்ளிவிடுவது உங்கள் வேலை. அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாலை ஐந்து மணிக்கு எழுந்து மாடிக்கு வருவீர்கள். பெட்டிக் கால்களை நிறுத்தியிருந்த கிண்ணங்களில் எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றுவீர்கள். பிறகு வெறுமனே உட்கார்ந்து பார்ப்பீர்கள். "இங்கதான்மா என்னை யாரும் கூப்பிடறதில்ல. கொட்டுமோன்னு பயந்துக்கினு ஒருத்தரும் மேல ஏற மாட்டறாங்க."

தேன் எடுக்கும்போது உங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. "பாதி அதுங்களுக்கு. மீதி பாதி நமக்கு. நம்ம பாதில கொஞ்சம் எறும்புக்குப் போவும், அத்த விட்டுடு." முட்டை புழு இருக்கிற அடையைத் தொடவே மாட்டீர்கள். மேலே மூடி போட்ட தேனடையை மட்டும் அறுத்து வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவீர்கள். நான் அவசரப்பட்டுப் பிழியப் போனால் கையில் ஓர் அடி விழும். "தானா எறங்கட்டும். பிழிஞ்சா மெழுகுந் தூசியுந்தான் வரும்." மழைக்காலத்தில் தேனீக்குத் தீனியாகச் சர்க்கரைப் பாகு வைக்கலாம் என்று நான் சொன்னதற்கும் திட்டுதான் கிடைத்தது. மூன்று வருஷத்தில் ஒரு பெட்டி மூன்றானது. வேப்பம்பூக் காலத்துத் தேன் அடித்தொண்டையில் லேசாகக் கசக்கும். அதுதான் உங்களுக்குப் பிடித்தது.

பெட்டி வாசலுக்குத் தடுப்பு வைக்கலாம் என்று யோசித்துக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். தேனீ கூட்டுக்குள் அசிங்கம் பண்ணாது, வெளியே பறந்துதான் கழிக்கும். மழை பெய்து நாலு நாள் உள்ளேயே அடைந்து கிடந்தால் அடக்கி வைத்துக்கொண்டு, முதல் வெயிலில் ஒட்டுமொத்தமாக வெளியே வந்து மஞ்சள் மஞ்சளாகத் தெளித்துவிட்டுப் போகும். நம் தெருவிலோ மழை விட்ட முதல் விடியலுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். தறிக்கு நெடுக்கு நூலாகப் போகும் பட்டுப் பாவை வீதி நீளத்துக்கு இழுத்து விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிக் காய வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே வெயில். அதனால் பாவு விரிக்கிற நாள் என்றால் முந்தின ராத்திரியே பெட்டி வாசல்களில் சின்னக் கம்பிவலைத் துண்டை வைத்து அடைத்துவிடுவீர்கள். காலையில் பாவைச் சுருட்டி எடுத்துப்போன பிறகுதான் திறப்பீர்கள். அப்படி ஒரு ஒழுங்கு இருந்ததால்தான் தெருவும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் அந்த ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் ஆரணியில் உங்கள் அண்ணன் மகள் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் கிளம்பினீர்கள். மூன்று பெட்டிக்கும் தடுப்பை வைத்துவிட்டு, படி இறங்கும்போது சொன்னீர்கள்: "நாளைக்கு வெயிலடிச்சா கண்டிப்பா பாவு விரிப்பாங்க. சுருட்டிக்கினு போனப்புறம் எடு. அவசரப்படாத, இன்னா?"

விடிந்து வெயில் வந்தது. பெட்டிக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. பலகையைத் தொட்டால் சூடு. மூச்சு முட்டிச் செத்துவிடுமோ என்று எனக்குப் பயம். கீழே எட்டிப் பார்த்தேன். வீதியில் பாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். என் கண்ணால் பார்த்தேன். மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய ரவிக்கை இரண்டு பாக்கி. சரி முடிந்தது என்று மூன்று தடுப்பையும் உருவிவிட்டு உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

மூன்று நாள் வேலை தேங்கிக் கிடந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு ஒரு பாவு இல்லை, இரண்டு. முதல் பாவு போனதும் அதே இடத்தில் சின்னவருடைய பாவை விரித்திருக்கிறார்கள். வெள்ளைப் பாவு. மூன்று புடவைக்கானது. எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுவார்களே, அந்த ஆர்டர்.

சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். வெள்ளைப் பட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் புள்ளி. ஈரத்துணியால் ஒற்ற ஒற்றப் பரவியது. தெருவே கூடி நின்றது. சின்னவர் வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாசக்கணக்கான உழைப்பு. என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் படியடியில் கையில் ஊசியோடு நின்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் பாப்பா அந்த வருஷம் பத்தாவது. திரும்பவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக எந்த ஊர், எந்தப் பக்கம் என்று பதில் சொல்ல வேண்டுமா என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

பதினோரு மணிக்கு ஆரணி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கினீர்கள். தலையில் கல்யாணப் பூ. பாவைப் பார்த்தீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான். "நான்தாம்பா. கெளம்பற அவசரத்துல தடுப்பு வைக்க மறந்துட்டேன்" என்றீர்கள்.

சின்னவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ மேலதானே இருந்த? பெட்டியில தடுப்பு இருந்துதா, இல்லியா?"

"நான் பாக்கலண்ணே."

அது இரண்டு வார்த்தைதான் அக்கா. நீங்கள் பொய் சொன்னது எனக்காக. நான் சொன்னதும் எனக்காகத்தான்.

அடுத்த வாரமே பெட்டிகள் போய்விட்டன. தாமலில் என் தம்பி தோப்பில் வைத்துக்கொள்ளட்டும் என்று நீங்களே சொன்னீர்கள். பொழுது சாய்ந்து ஈயெல்லாம் அடைந்த பிறகு வாசலை மூடிக் குட்டி லாரியில் ஏற்றினோம். "கயித்த இறுக்காதப்பா, அடை ஒடிஞ்சிடும்" என்று மட்டும் என் தம்பியிடம் சொன்னீர்கள். பிறகு சாயங்காலங்களில் நீங்கள் மாடிக்கு வருவது நின்றுவிட்டது. தறியை விட்டு எழுந்து நேராக அடுப்படிக்குப் போனீர்கள். என்னிடம் முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு தாமலுக்கு வந்தீர்கள். ஏரி நிரம்பியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "நாம வளத்த ஈ ஒண்ணுகூட இதுல இருக்காதும்மா. அதுங்க ஆயுசே ரெண்டு மாசம்தான். இதெல்லாம் அதுங்க பேரன் பேத்தி. என்னைத் தெரியாது" என்றீர்கள். அன்றைக்குக்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் திறந்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, சின்னண்ணன்கிட்ட சொல்லிடறேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "வீடு தேடி அலைய உனக்குத் தெம்பு இருக்குதா? எனக்குப் பேசவே தெம்பு இல்ல. சும்மா இரு." சும்மா இருந்துவிட்டேன். எனக்கு வசதியான சொல்லைக் கேட்பதில் நான் கெட்டிக்காரி.

பதினாறாம் நாள் காரியத்தில் சடங்குக்குக் கடைத் தேன் பாட்டில் வாங்கி வந்திருந்தார்கள். அதைப் பார்த்து உங்கள் நாத்தனார் சிரித்தாள்: "பாவு நாசமான கதை தெரியுமில்ல? தேனீ வளக்கறேன்னு ஊட்டயே ரெண்டாக்கினாளே, எங்கண்ணி." பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முப்பது வருஷம் அந்தத் தறியில் கரை கோத்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் உங்களைப் பற்றிச் சொல்ல மிஞ்சியது அந்த ஒரு கதை, அதுவும் உங்களுடையது இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

நேற்று சாயங்காலம் இறங்கிப் போனேன். சின்னவர் தறியில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தடுப்பு வைத்ததை, நான் உருவியதை, அவர் கேட்டபோது நான் பொய் சொன்னதை. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி தன் வாயால சொன்னாங்களேமா, மறந்துட்டேன்னு. நீயும் பாக்கலன்னுதானே அன்னிக்கே சொன்ன?"

"பொய்யிண்ணே அது. நான்தான் எடுத்தேன்."

"காரியத்தன்னிக்கு எங்கக்கா பேசினது உம்மனசுல தச்சிருக்குது. போனவங்க பேரக் காப்பாத்தணும்னு நீ பழிய எடுத்துக்கற. எனக்குப் புரியாதா?" மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்கமா. உன்னப் போய் அன்னிக்கு நாங்க யோசிச்சோம், வீடு குடுக்கலாமா வேணாமான்னு. நீ எத்தினி வருஷம் வேணா இங்கயே இரு."

இன்னொரு தடவை சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை அக்கா.

மேலே வந்து படியில் உட்கார்ந்தேன். பாப்பா கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். எல்லாம் தெரிந்தவள், நேற்றுக் காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னாமா சொன்னாரு? போகச் சொல்லிட்டாரா?"

"இல்ல. இருக்கச் சொல்றாரு."

அவள் அப்பாடா என்று மூச்சுவிட்டாள். நான் விடவில்லை. தப்பு பண்ணினவளுக்கு நல்லவள் என்று பேர் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. இனிமேல் இந்தப் பேரோடுதான் உங்கள் வீட்டு மாடியில் நான் இருக்கப் போகிறேன், அக்கா.