தள்ளிக்கொண்டு போன சிவப்புக் கார்

அப்பா,

நேற்று வவுனியாவில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு பிள்ளை, தாழ்ந்து அகன்ற கார் ஒன்றில் கடைத்தெருவைக் கடந்து போனான். காரைக் காணுமுன் சத்தம்தான் வந்தது. அடித்தொண்டையில் உறுமி, கியர் மாறும்போது ஒருதரம் செருமி, மறுபடி உறுமுகிற அந்தச் சத்தம். கையிலிருந்த மருந்துப் பையை எப்போது இடக்கைக்கு மாற்றினேன் என்று தெரியாது. வலக்கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, இரண்டு தோளையும் தொட்டு முடித்துவிட்டது.

கடைக்காரப் பெடியன் சிரித்தான். "என்னம்மா, ஆரும் செத்தவையோ?"

"ஓம் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தச் சத்தத்துக்கு என் கை ஏன் சிலுவை போடுகிறது என்று அவனுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கடையைப் பூட்டிவிடுவான். விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் பந்தயக் கார் வைத்திருந்தார் என்று சொன்னால் இன்று ஒருவரும் நம்பமாட்டார்கள். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறுமுன் கார்களை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கருவாட்டு லொறியோடு கொழும்புக்குப் போன நீங்கள் லொறியில் திரும்பி வரவில்லை. லொறி முன்னால் வந்தது. பின்னால் நீங்கள் பச்சை நிறக் காரில் வந்தீர்கள்.

அம்மா வேலியடியில் நின்று காரை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பேரின்ர காரோ?"

"மாறி மாறிப் போவம்."

"அப்ப நானும் மாறி மாறிச் சமைக்கட்டோ?"

பச்சைக்குப் பிறகு வெள்ளை வந்தது; வெள்ளைக்குப் பிறகு சிவப்பு. உப்புக்காற்று ஒன்றைத் தின்று முடிக்கும்போது நீங்கள் அடுத்ததைக் கொண்டுவந்தீர்கள். எல்லாமே இரண்டு ஆசனக் கார்கள். விடியற்காலையில் அலை வற்றி, மணல் நனைந்து இறுகிக் கிடக்கும்போது, கரையோடு கரையாக எங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவீர்கள். பக்கத்து ஆசனத்தில் அண்ணா, அவர் மடியில் நான். வலை இழுக்க வந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கூச்சல் போடுவார்கள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த மணலில்தான். வீட்டில் அப்படிச் சிரிக்கமாட்டீர்கள். அண்ணா தன் பழைய சேட்டுத்துணியால் அந்தக் காரை ஒவ்வொரு நாளும் துடைப்பார்.

பிறகு சூசை செத்தார். உங்கள் வலையில் கயிறு பிடித்த மனிதர். எங்கள் குறிச்சியில் கோயில் இருந்ததே தவிர சாமியார் இருக்கவில்லை. அவர் பட்டினத்தில், மிஷன் வீட்டில் இருந்தார். சூசைக்குச் சாகிற அவஸ்தை என்று ஆள் போய்ச் சொல்லி, சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடும் நன்மை அப்பத்தோடும் சாமியார் மணல் றோட்டில் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சூசையின் பெண்சாதி அவர் செத்ததற்கு அழவில்லை. "எண்ணெய் பூசாமல் போட்டாரே, நன்மை வாங்காமல் போட்டாரே" என்றுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் கோயிலுக்கு உள்ளே போகிற ஆள் இல்லை. பெரிய திருநாளிலும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பீர்கள். ஆனாலும் அந்த அழுகை உங்களை ஏதோ செய்துவிட்டது. அடுத்த வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, யாரும் கேட்காமலே காரை எடுத்துக்கொண்டு சாமியாரைக் கூட்டிவரப் போனீர்கள்.

சாமியார் பெருத்த மனிதர். அந்தச் சின்ன ஆசனத்தில் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட, நன்மைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். "சம்மாட்டி, கொஞ்சம் மெள்ளப் போ. சாகிற ஆளுக்கு முதல் எனக்குப் பூசவேண்டி வரப்போகுது" என்று அவர் கத்துவது காற்றில் பறந்து வரும்.

அதற்குப் பிறகு கனகாலம் எங்கள் கரையில் எவரும் எண்ணெய் பூசாமல் சாகவில்லை. "என்ர கார் ஒருத்தரையும் பிந்தவிட்டதில்லை" என்று வலை வேலையாட்களை நடத்துகிற மண்டாடி பிலிப்புவிடம் நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமை உங்களுக்கு இருந்தது. இருக்கட்டும், அது நியாயமான பெருமைதான். ஆனால் அந்தச் சத்தம் ஊரில் என்ன ஆகிப்போனது என்று நீங்கள் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டதும் பெண்கள் அகப்பையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே இழுத்தார்கள். நீங்கள் சும்மா இஞ்சினைச் சோதித்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்த கிழவர்களுக்கு வேர்த்துக்கொட்டியது. எழும்பி நடமாடத் தொடங்கிய ஒருவர் வீடு தேடி வந்து, "என்னை அனுப்புறதுக்கு உனக்கென்ன அவசரம்?" என்று உங்களோடு சண்டை பிடித்துவிட்டுப் போனார். நீங்கள் சிரித்தீர்கள்.

அண்ணா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெடியள் அவரிடம், "இண்டைக்கு ஆர்ர வீடு?" என்று கேட்பார்களாம். காரைத் துடைப்பதை அவர் விட்டார். ஏறுவதையும் விட்டார். பெடியன் வளர்ந்துவிட்டான், வெட்கப்படுகிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். எனக்குத் தெரியும், அது வெட்கம் இல்லை. கார் வரும் சத்தம் கேட்டால் அண்ணா குசினிக்குள் போய், அது ஓயும்வரை நின்றுகொண்டிருப்பார். பதினேழு வயது ஆம்பிளை, வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கை, அந்தக் கையால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

அன்று காலை அவர் வலைக்குப் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தார். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். வலி வலப்பக்கம் இறங்கிக் காய்ச்சலும் பிடித்ததும், நீங்கள் கடற்கரையில் மீன் காயப்போடுகிற வாடியிலிருந்து ஓடிவந்தீர்கள். கருவாட்டு லொறி கொழும்புக்குப் போய்விட்டது. பஸ் அந்தியில்தான். நீங்கள் நேரே போய்ச் சிவப்புக் காரை ஸ்டார்ட் செய்தீர்கள்.

அண்ணாவை முதலில் தூக்கி வைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்திருக்கலாம் அப்பா. இதை எத்தனையோ முறை நினைத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அண்ணா பாயில் எழுந்து உட்கார்ந்தார். "ஆருக்கு?" என்று கேட்டார். அயல்வீட்டுப் பெண்கள் வேலியடிக்கு வந்து, பழக்கத்தில் சிலுவை போட்டார்கள். அண்ணா அதைப் பார்த்தார்.

"உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் ராசா" என்றீர்கள்.

"வேண்டாம். அதில ஏறமாட்டன். அப்பா, நான் சாகேல்லை அப்பா."

நீங்களும் பிலிப்புவும் தூக்கினீர்கள். அண்ணா கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரலை விடுவிக்க விடுவிக்க மறுபடி பிடித்தார். அவர் போட்ட கூச்சல் வலியில் போட்டதல்ல. அம்மா நடுவில் வந்து விழுந்தார். "விடுங்கோ! பயத்திலயே பிள்ளை போயிடும். வண்டிலைக் கட்டச் சொல்லுங்கோ."

நீங்கள் கையை எடுத்தீர்கள்.

மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி அண்ணாவைக் கிடத்தினோம். அம்மாவும் நானும் கூட ஏறினோம். பிலிப்பு வண்டிலை ஓட்டினார். நீங்கள் ஏறவில்லை. பட்டினத்துக்குப் போகிற அந்த மணல் றோட்டில், மாடு நடக்கிற வேகத்தில், பக்கத்து ஆசனம் வெறுமையாகக் கிடக்க, சிவப்புக் காரை எங்களுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். "வழியில மனம் மாறினால் ஏத்திக்கொண்டு பறந்திடுவன்" என்று பிலிப்புவிடம் சொன்னீர்களாம். எங்களுக்கு அது தெரியாது. வண்டிலுக்குள் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். ஓடவேண்டிய காரை ஊரவிட்டால் அது எப்படி முனகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அண்ணா முகத்தை அம்மாவின் மடியில் புதைத்துக் காதைப் பொத்திக்கொண்டார். முன்னால் வண்டில், பின்னால் அந்தக் கார் என்று கண்ட சனம் றோட்டோரத்தில் முழங்காலில் நின்றது.

அம்மா பின்பக்கமாகத் தலையை நீட்டிக் கத்தினார். "அதை நிப்பாட்டுங்கோ! பிள்ளைக்குக் கேக்குது!"

சேமக்காலைக்குக் கிட்ட, கல்லறைச் சிலுவைகள் தெரிகிற இடத்தில், பனைகளுக்கு நடுவில் காரை விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். வண்டிலின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு பட்டினம் வரைக்கும் நடந்தீர்கள். அண்ணாவின் கால்மாட்டில் உங்கள் கை தெரிந்துகொண்டே இருந்தது. அண்ணா அதைத் தன் பாதத்தால் தொட்டுக்கொண்டு கிடந்தார். அது உங்களுக்குத் தெரிந்ததோ என்று கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை.

டாக்குத்தர் இளம் மனிதர். "குடல்வால் வெடிச்சிட்டுது. வேளைக்குக் கொண்டு வந்திருந்தால் வவுனியாவுக்கு அனுப்பியிருக்கலாம். வாகனம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார்.

அம்மாதான் சொன்னார்: "இருந்தது."

மிஷன் வீட்டிலிருந்து சாமியார் வந்தார். அண்ணா கண்ணைத் திறந்து, "காரிலயோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். "இல்லை மகன், நடந்துதான் வந்தனான்" என்றார் சாமியார். அண்ணாவின் முகம் தெளிந்தது. பொழுது சாயும்போது போய்விட்டார்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து கொஞ்சக் காலத்தில், பிலிப்புவின் தாய்க்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பிலிப்பு எங்கள் படலைவரை வந்தார். படலையைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்தார். நீங்கள் எழும்பிக் காரின் திறப்பை எடுத்தீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணாவைக் கொண்டுபோகாத கார் இனி ஆருக்கு?" என்று கத்தினேன்.

"அந்த மனுசி என்ன பிழை செய்தது பிள்ளை?" என்றீர்கள். பிறகு, "வாறியோ?" என்றீர்கள்.

கோபத்தோடுதான் ஏறினேன். உங்களை அந்த வழி முழுக்கத் திட்டவேண்டும் என்றிருந்தது. ஆனால் அந்த ஆசனத்தில் இருந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. வீட்டுக்கு வீடு சனம் எழும்பி நின்றது. தலைத்துண்டை எடுத்தது, சிலுவை போட்டது. பிள்ளைகள் வேலிக்குப் பின்னால் ஒளித்தார்கள். நீங்கள் சந்தோசத்துக்கு வாங்கிக்கொண்டு வந்த கார் இது. ஒருவரையும் பார்க்காமல் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினீர்கள்.

சேமக்காலை வருமுன் இஞ்சினை நிற்பாட்டினீர்கள். இறங்கிப் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினீர்கள். கார் பழுதாகிவிட்டது என்று நினைத்து நானும் இறங்கினேன்.

"என்னப்பா?"

"அண்ணாவுக்குக் கேக்கும்."

இரண்டு பேருமாகச் சேமக்காலை மதில் முடியும்வரைக்கும் தள்ளினோம். மணலில் கார்ச் சில்லு புதைந்தது. திரும்பி வரும்போது சாமியார் ஆசனத்தில், நான் மடித்துவைத்த கன்வஸ் கூரையின்மேல். அதே இடத்தில் நீங்கள் இறங்கினீர்கள். சாமியாரும் இறங்கினார். அவருக்கு அது முதல்தரம் இல்லை என்று விளங்கியது. அங்கியைத் தூக்கிச் செருகி, ஒரு கையால் நன்மைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்து, மறு கையைக் காரில் வைத்து, "தள்ளு சம்மாட்டி, பெடியன் நித்திரை" என்றார்.

இப்படித் தள்ளித் தள்ளி ஒருமுறை நீங்கள் பிந்திப்போனீர்கள். எண்ணெய் பூசாமல் ஒரு மனிதர் போய்விட்டார். அவர் வீட்டார் உங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. காரணம் ஊருக்குத் தெரியும்.

பிறகு உதிரிப்பாகங்கள் வருவது நின்றது. சிவப்புக் காரின் அடித்தளத்தை உப்புத் தின்று, சாமியார் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு வரும் நிலை வந்தது. கடைசியில் அது வாடிக்குப் பின்னால் கோழி அடைகாக்கிற இடமாயிற்று. நீங்கள் கண்ணை மூடிய அன்று சாமியாரைக் கூட்டிவரக் கார் இல்லை. அவர் சைக்கிளில் வந்தார். பிந்திவிட்டார்.

எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் முழுதாகத் தீரவில்லை அப்பா. பலவந்தமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கவேண்டும். அண்ணா வழியெல்லாம் கத்தியிருப்பார், ஆனால் இருந்திருப்பார். இதையும் சொல்லவேண்டும்: அந்தப் பயத்தைக் கண்டும் கையை எடுக்காத தகப்பனை நான் விரும்பியிருப்பேனா என்று தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருக்கிறேன்.

செத்தவர்களுக்கு மன்றாடுகிற கடந்த ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பட்டினத்தில் ஓட்டோ பிடித்துச் சேமக்காலைக்குப் போனேன். கடல் ஒருமுறை ஏறி வந்துபோனது. பிறகு சண்டை வந்தது. சேமக்காலை மதில் இல்லை. சிலுவைகளில் மிஞ்சியது சில. உங்களையும் அண்ணாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடம் இதுதான் என்று நான் காட்டினால் அது குத்துமதிப்புத்தான். உங்களுக்கு இஞ்சின் சத்தம் என்றால் உயிர். அண்ணாவுக்கு ஆகாது. யாருக்காகப் பார்ப்பது என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் முன்னமே முடிவு செய்து வைத்ததுதானே.

"தம்பி, இஞ்ச நிப்பாட்டுங்கோ. இஞ்சினை நூருங்கோ" என்றேன். சத்தம் ஓய்ந்தது.

இறங்கி, பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளத் தொடங்கினேன். ஓட்டோக்காரப் பெடியன் பதறி இறங்கினான். "அம்மா, பெற்றோல் இருக்கு. ஓடும். நீங்கள் ஏறுங்கோ."

"ஓடும் தம்பி, தெரியும். கொஞ்சத் தூரம்தான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அவனும் தள்ளினான். கொஞ்சத் தூரம் போனபிறகு, அவனும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"ஆரம்மா இஞ்ச கிடக்கிறது?"

"என்ர அண்ணா. அவருக்குக் கார்ச் சத்தம் எண்டால் பயம்."