டுவைட் எடுத்துவைக்கச் சொன்ன ஹாப்ஸ்

அன்புள்ள கிரெட்டா,

நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம்.

நான் வீட்டில் காய்ச்சிய பீரைத் தன்னுடையது என்று சொல்லி, நம் கோல்வில் ஊர்க் கண்காட்சியில் பக்கத்து வீட்டு டுவைட் ஹாகன் பரிசு வாங்கினானே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வேலைக்குத் திரும்பும் வழியில், யாகிமா ஊரில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் அருமையான பீர் குடித்தேன். கசப்புக்கும் மணத்துக்கும் அதில் போட்ட ஹாப்ஸ் பூ விலைக்குக் கிடைக்குமா என்று கடைக்காரியிடம் கேட்டேன்.

“ஒரே ஒரு பைதான் இருக்கு. கோல்வில்லேர்ந்து டுவைட் ஹாகன்னு ஒருத்தர் எடுத்துவைக்கச் சொல்லியிருக்காரு. நீங்கதானா அது?”

“நானேதான்” என்றேன்.

காசு கொடுத்து வாங்கிய பை, வண்டியில் நீ உட்காரும் இடத்தில் இருக்கிறது. இங்கே வேலை முகாமில் குளிர் அதிகம். கம்பளிக் காலுறையோடு உன் வாசம் போகாதபடி துவைக்காமல் உன் தலையணை உறை ஒன்றையும் அனுப்பு.

டுவைட் கேட்டால் கடைக்காரி, “டுவைட்டே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே” என்பாள். அவன் முகம் போகும் போக்கை ஒன்று விடாமல் எழுது. தபால் வண்டி வந்துவிட்டது.

உன்
ஆரின்