தட்டில் வைத்த ஆயில் ஃபில்டர்

என்னங்க,

உதிரிபாகக் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டேன். மேஜையில் இரண்டு தட்டுகளை மூடி வைத்திருக்கிறேன். சின்னத் தட்டில் சாப்பாடு. பெரியதை அவசரத்தில் சாப்பாட்டுக்காகத் திறக்காதீர்கள். அதில் இருப்பது நேற்று உங்கள் லாரியிலிருந்து கழற்றிய மலிவு ஆயில் ஃபில்டர். பக்கத்தில் அதற்கு முன்பு ஓடிய விலை உயர்ந்த ஃபில்டர், என் கடைச் சரக்கு. இரண்டையும் அறுத்து வைத்திருக்கிறேன்.

"ரெண்டும் ஒண்ணுதான், டப்பாவுக்குத்தான் காசு" என்று நேற்று கத்தினீர்களே, இப்போது விரலால் தடவிப் பாருங்கள். என் ஃபில்டரில் காகித மடிப்பு குலையவே இல்லை, அழுக்கெல்லாம் அதில் தங்கியிருக்கிறது. உங்களுடையதில் பசை விட்டு, மடிப்பு கிழிந்து கிடக்கிறது. அந்த அழுக்கு எங்கே போயிருக்கும்? இன்ஜினுக்குள்தான்.

விலை உயர்ந்ததை உங்கள் தலையில் கட்டிவிடுவேன் என்றுதானே இந்த மலிவு ஃபில்டரை வாங்க எதிர்க்கடைக்கு ஓடினீர்கள்? போகட்டும். சாவிக்குப் பக்கத்தில் புதிய ஃபில்டர் இருக்கிறது. ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி மாட்டுங்கள்.

கோபமெல்லாம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: எதிர்க்கடைக்காரர் நேற்று தன் சொந்த லாரிக்கு ஃபில்டர் வாங்க வந்தார், என் கடைக்கு. "நல்லதாப் பார்த்துக் குடும்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார்.