டயாலிசிஸ் கட்டிலில் எழுதிய வாசல்

மாப்ள,

சர்வர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உப்பும் துருவும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ராமநாதபுரத்துக்குள் வைத்திருந்தாலும் கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. இத்தனை வருடம் ஓடியதே பெரிது. இன்று அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் புது மெஷினுக்கு மாற்ற வேண்டும். காலையிலிருந்து டீயைக் குடித்துக் குடித்தே தள்ளிப்போட்டேன்.

நீ சிறுநீரகம் கெட்டு துபாயிலிருந்து திரும்பிய வருடம்தான் இது தொடங்கியது. பரமக்குடியில் நாம் சேர்ந்து படித்த பிறகு நீ கடல் தாண்டிப் போனாய், நான் இங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டேன். காற்று எச்சரிக்கை வந்தால் கரைக்குக் கரை அபாயச் சங்கு ஒலிக்கிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்று மீனவர் சங்கங்கள் கேட்டன. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். அது செக்யூர் ஷெல் என்கிற பூட்டிய பாதை வழியாக நம் சர்வரோடு பேசும். இங்கே ஒரு தடவை எச்சரிக்கையைப் போட்டால் எல்லாக் கரையிலும் சங்கு ஊதும்.

அத்தனை பெட்டிகளும் வந்து தட்டுகிற கதவு ஒன்றே ஒன்றுதான். சர்வர் சாக்கெட் கிளாஸ் என்கிற நிரல் துண்டு. காத்துக் கிடந்து, தட்டுகிறவர்களின் சாவியைச் சரிபார்த்து உள்ளே விடுவது அதன் வேலை. முதலில் நாம் போட்டது இலவசமாகக் கிடைத்த ஒன்று. திருப்பாலைக்குடியில் டவர் சரியில்லை. அந்தப் பெட்டி பாதிச் சாவியைக் கொடுத்துவிட்டு அறுந்துபோகும். நம் கிளாஸ் மீதிக்காக அங்கேயே நின்றுகொண்டிருக்கும். பின்னால் வந்த பாம்பன் பெட்டி வெளியில் கிடக்கும்; அங்கே சங்கு ஊதாது.

பாம்பன் சங்கத் தலைவர் உன்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

“சாவி கீவியெல்லாம் எதுக்குப்பா? எடுத்து விட்டுருங்க. சங்கு ஊதுனாப் போதும்” என்றார்.

ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் நீ சொன்னாய். “சாவி இல்லேன்னா எவன் வேணும்னாலும் ஒங்க சங்க ஊதலாம்ண்ணே. நாலு தடவ பொய்யா ஊதிட்டான்னு வைங்க. அப்புறம் நெசமா ஊதுறப்ப யாரு கரைக்குத் திரும்புவா?”

“அப்ப என்னதான் செய்யப் போற?”

“நானே எழுதிப்புடுறேன்.”

அவர் போனதும் நான் சத்தம் போட்டேன். “ஏலே, ஒன் ஒடம்பு இருக்க இருப்புல இது தேவையா?”

“சும்மாதானே மாப்ள படுத்துக் கெடக்கேன். நீ டைப் அடி.”

அப்படித்தான் எழுதினோம். உன் ஒரு கை டயாலிசிஸ் மெஷினில் இருக்கும். நீ சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். தப்பாக அடித்தால் மற்ற கையை நீட்டித் திருத்துவாய். கதவில் நிற்கிற பகுதியின் வேலை தட்டுகிறவனை வாங்கிக்கொள்வதோடு சரி. சாவி பார்ப்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்தாய்; ஒருவன் தாமதித்தால் மற்றவன் காத்துக் கிடக்க வேண்டாம். கொஞ்ச நேரத்துக்குள் சாவி முழுதாக வராவிட்டால் அவனை வெளியே அனுப்பிவிட்டு, பாதியில் போனது யார் என்று திரையில் காட்டும். கிளாஸுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். ‘வாசல்’ என்றாய். எழுதி முடித்த அன்று உனக்குக் குளிர் எடுத்து, கம்பளிக்குள் பல் கிட்டியது. நன்றாக இருக்கிறதா என்று கேட்கக்கூட உனக்குத் தெம்பில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு மதியம் எச்சரிக்கை வந்தது. நான் கடையில் இருந்தேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மற்ற கரைகளிலெல்லாம் சங்கு ஊதிவிட்டது. ஃபோனில் உன் குரல் பதறியது.

“மாப்ள, திருப்பாலைக்குடி பாதியிலயே நிக்குது. அங்கன சங்கு ஊதியிருக்காது. நான் ஃபோன் போடுறேன்.”

அந்த ஊர் ஏலக் கொட்டகையில் மீன் வாங்குகிற அக்காவை நீயே ஃபோனில் பிடித்தாய். “பள்ளிவாசல் மைக்குல சொல்லச் சொல்றேன் தம்பி, வைங்க” என்று அவர் ஓடியிருக்கிறார். புறப்பட இருந்த வள்ளங்கள் நின்றுவிட்டன. கரையோரம் வலை போட்டிருந்தவர்கள் வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள். பின்னேரம் அடித்த காற்றில் கொட்டகையின் தகரமே பறந்தது. ஆட்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். அன்று நீ சிகிச்சை நடுவில் எழுந்து உட்கார்ந்ததற்கு நர்ஸ் என்னைத்தான் திட்டினார்.

அடுத்த நோன்பு பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிய தோள்களில் என்னுடையதும் ஒன்று. மறுநாளே பாம்பன் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. பஸ் ஏறினேன். அன்றிலிருந்து ஏறிக்கொண்டேதான் இருக்கிறேன். முட்டி வலிக்கிறது, கண்ணும் மங்குகிறது. விட்டுவிடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

இன்றைய சிக்கல் இதுதான். நீ எழுதிய சாவி முறை பழையதாகிவிட்டது. புது மெஷின் அதை ஏற்க மாட்டேன் என்கிறது. உன் வரிகளை அழித்தால்தான் வேலை நடக்கும். முதன்முறையாக உன் கோப்பில் கை வைக்கப் போகிறேன். மனசு வரவில்லை. உன் வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

உன் மனைவி எடுத்தார்; விஷயத்தைச் சொன்னேன். “அவுக இருந்தா அவுகளே மாத்தியிருப்பாக. நீங்க மாத்துங்கண்ணே” என்றார். “சாப்பிட்டீகளா?”

இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வரிகளை அழித்தேன். அந்த இடத்தில் என்னுடையதை எழுதினேன். ரிப்பேருக்குக் கடைக்கு வந்திருந்த பாம்பன் பெட்டிக்குப் புதுச் சாவி போட்டதும், சாயங்காலம் அது வந்து தட்டியது. உன் வரிகளும் என் வரிகளும் சேர்ந்து அதை உள்ளே விட்டன. எது உன்னுடையது, எது என்னுடையது என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதுவும் இன்னும் கொஞ்ச நாளில் எனக்கே மறந்துபோகும்.

ரொம்ப அசதியாக இருக்கிறது மாப்ள. மற்ற பெட்டிகளுக்கும் நேரில் போய்ப் புதுச் சாவி போட வேண்டும்; அதுவரை அந்தக் கரைகளுக்கு எச்சரிக்கையை ஃபோனில்தான் சொல்ல வேண்டும். காலையில் முதலில் தொண்டி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.