அப்பா பக்கத்துத் துண்டு

இலக்கியா அப்பாவுக்கு,

மேலூரில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மரபணு சோதனை முடிவு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

எவ்வளவு சாப்பிட்டாலும் நம் மகளுக்குப் பசி ஏன் அடங்குவதில்லை என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதிதான் காரணம். அதில் அப்பாவிடமிருந்து வருவது மட்டுமே வேலை செய்யும். அம்மாவிடமிருந்து வருவது எல்லோருக்குமே உறங்கித்தான் கிடக்கும். இவளுக்கு உங்கள் பக்கத்துத் துண்டு விடுபட்டிருக்கிறது. என்னுடையது முழுதாக இருந்தும் பயனில்லை. ஆய்வகத்தில் செல்களை வைத்து அதை எழுப்பிப் பார்த்துவிட்டார்களாம். பிள்ளைகளுக்கு மருந்தாக வருவதற்கு இன்னும் வருடங்கள் ஆகும்.

"தற்செயலா நடந்தது. யார் குத்தமும் இல்லம்மா" என்றார். எட்டு வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

நான் சமையலறையைப் பூட்டிய அன்று உங்கள் அக்கா, "பெத்த பிள்ளைக்கே பூட்டா? அம்புட்டும் உங்க வம்சத்துக் கோளாறு" என்றார். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று உங்கள் அக்காவே இங்கே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பெரியவங்கள வச்சு உன்னையும் தம்பியையும் அத்துவிட்ருவோம். ரிப்போர்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரல மதினி" என்றேன்.

இந்த உறையில் இருப்பதுதான் அந்த ரிப்போர்ட். வேறு பிரதி நான் வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து உங்கள் எதிரே உட்காருவேன். எல்லோர் முன்னாலும் அதைப் படிப்பதா, சட்டைப்பையிலேயே வைத்திருப்பதா என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னமும்
உங்கள் மனைவி