அப்பா வழி வந்தது

கோயம்புத்தூர்,
3-6-2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தைத் துண்டிக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன். சிகிச்சை முடிந்துவிட்டது. முடி முளைத்து, போலீஸ் பயிற்சிக்குப் போனவள் மாதிரி இருக்கிறேன்.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது கல்யாணப் பந்தியில் வைத்து, "எல்லாம் அவ அம்மை வழி ரத்தம். எங்க வம்சத்துல இது கெடையாது" என்றீர்கள். அன்றிலிருந்து அம்மா எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

இப்போது மரபணுப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது தன் மரபணுவைப் படியெடுக்கும். அதில் பிழை விழுந்தால் திருத்துவதற்கென்றே ஒரு மரபணு உண்டு. அது எல்லோருக்கும் இரண்டு: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எனக்குப் பிறக்கும்போதே ஒன்று பழுது. ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டுப்போக, அந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பழுது அப்பாவிடம்தான் இருக்கிறது, அத்தை.

அவருடைய அக்காவான உங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. அதைக் காட்டவாவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஜெயபிரியா

ஆய்க்குடி,
11-6-2024

பிரியாவுக்கு ஆசீர்வாதம்.

என் தம்பி காய்ச்சலென்றுகூடப் படுத்ததில்லை. அவனிடம் ஏது வியாதி? ஆஸ்பத்திரியில் சீட்டு மாறியிருக்கும். எனக்கு அறுபத்திரண்டு வயது. கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. நீ புளியைக் குறை.

முப்பிடாதி அத்தை

கோயம்புத்தூர்,
17-6-2024

அத்தை,

சீட்டு மாறவில்லை, இரண்டு முறை பார்த்தார்கள். அப்பாவுக்கு வியாதி இல்லை, பழுது மட்டும் இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்துவிட்டார். உங்களுக்கும் இருந்தால் அபர்ணாவுக்கும் போயிருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சியான மகளை நினைத்தாவது பரிசோதனைக்குப் போங்கள்.

ஜெயபிரியா

ஆய்க்குடி,
20-8-2024

என் தங்க மருமகளுக்கு,

மகள் பெயரைப் படித்ததும் மறுநாளே பஸ் ஏறினேன். திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். பழுது இருக்கிறது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. விடாமல் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அபர்ணாவுக்கு இல்லை என்று வந்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இங்கே நல்ல சாரல். எங்கள் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் குற்றாலத்துக்கு வேன் பிடித்தார்கள். முதலில் ரத்தம், பிறகுதான் அருவி என்று தென்காசி ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டேன். ஏழு பேர் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அவர்களில் மூத்த மணிமுத்து அண்ணாச்சி மீசையை முறுக்கிக்கொண்டு போய், ஊசியைக் கண்டு மயங்கிவிட்டார்.

குளித்துத் திரும்பும்போது வேனைக் குத்துக்கல்வலசையில் உன் பிறந்த வீட்டு வாசலில் நிறுத்தினேன். அத்தனை பேரும் கேட்க உன் அம்மாவிடம் சொன்னேன்: "பழுது எங்க ரத்தத்துலதான் இருக்கு தாயி. ஒன்னையச் சொன்னது என் தப்பு." அவள் ஈரத்தலையோடு நின்ற எங்களை ஒவ்வொருவராக எண்ணிவிட்டு, "உள்ள வாங்க மதினி, உலை வைக்கேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அபர்ணாவுக்கு வளைகாப்பு. முதல் வளையல் உன் அம்மா போடுகிறாள்.

முப்பிடாதி அத்தை